பிராகில் இரண்டரை நாள்: ஒரு பயணத் திட்டம் எங்கே பிசகியது

2024 அக்டோபர் 26, சனிக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணி. பிராக் நகரின் பழைய யூதர் குடியிருப்பான யோசெஃபோவில், பூட்டிய கதவு ஒன்றின் முன்னால் நானும் மனைவியும் நின்றுகொண்டிருந்தோம். என் கையில் அச்செடுத்த அட்டவணை. அதில் 'சனி 12.30 முதல் 16.00 வரை, யூத அருங்காட்சியகம்' என்று எழுதி, பக்கத்திலேயே 'திறந்திருக்கும் நேரம் 9 – 18' என்றும் போட்டு வைத்திருந்தேன். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் என்பது பைபிள் கதை கேட்ட எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அட்டவணை போட உட்கார்ந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஏங்க, இன்னைக்கு சனிக்கிழமைங்க" என்றாள் மனைவி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இயந்திரம் நின்றுபோனால் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று வரிசையாக எழுதி வைப்பது என் வேலையில் தினசரிப் பழக்கம். அதே பழக்கத்தில் இந்தப் பயணத்தையும் எழுதிப் பார்க்கிறேன். பெரிய விபத்து எதுவும் இல்லை. யாருக்கும் அடிபடவில்லை, பாஸ்போர்ட் தொலையவில்லை. ஆனாலும் இரண்டரை நாளில் நாலு இடத்தில் திட்டம் சறுக்கியது. நாலுக்கும் காரணம் ஒன்றுதான்: அட்டவணையில் மணி பார்த்து எழுதியிருந்தேன், கிழமையும் தேதியும் பார்க்கவில்லை.

பின்னணி

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், டிரெஸ்டனில். அங்கிருந்து பிராகுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். எல்பே ஆற்றை ஒட்டியே தண்டவாளம் போகும். எல்லையைத் தாண்டினால் அதே ஆற்றுக்கு லாபே என்று பெயர். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. சாக்சனி மாநிலத்தில் அன்று சீர்திருத்த நாள் என்று அரசு விடுமுறை. தீபாவளிக்கு லீவு கேட்காமலே லீவு கிடைத்த ஆண்டு என்பதால் நண்பர்களை வீட்டுக்கு அழைத்திருந்தோம். அதற்கு முன்னால் சனி, ஞாயிறு, திங்கள் மதியம் வரை பிராக். திங்கள் ஒருநாள் மட்டும் விடுப்பு எடுத்தால் போதும்.

திட்டம் எளிது. சனி மதியம் யோசெஃபோவ், மாலை பழைய நகரச் சதுக்கம். ஞாயிறு விடியலில் சார்லஸ் பாலம், காலை ஒன்பதுக்குக் கோட்டையும் பேராலயமும். திங்கள் காலை ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில் விருந்தாளிகளுக்குக் கொடுக்க 'ஒப்லாட்கி' வாங்குவது (கார்லோவி வாரி பக்கத்து மெல்லிய வட்ட வேஃபர், நடுவில் ஹேசல்நட் பூசியிருக்கும்), பிறகு ரயில். எக்செல் தாளில் பச்சை, மஞ்சள் என்று நிறமெல்லாம் கொடுத்திருந்தேன்.

நூறு யூரோவும் மூன்று மணி நேரமும்

பூட்டிய கதவுதான் முதல் சறுக்கல். அந்த நாலில் சேராத இன்னொன்று யோசெஃபோவுக்கு முன்பே நடந்துவிட்டது. அப்போது எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவுக்கு மாறவில்லை, அங்கே கொருனா. பதினொரு மணிக்குச் சற்று முன் வந்து இறங்கினோம். பதினொன்று இருபதுக்கு, பழைய நகரத்துக்குப் போகும் வழியில் ஒரு பணம் மாற்றும் கடையில் நூறு யூரோவை நீட்டினேன். கண்ணாடியில் 'கமிஷன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கமிஷன் உண்மையிலேயே எடுக்கவில்லை. அதற்குப் பதில் விகிதத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். அன்று சந்தையில் ஒரு யூரோவுக்கு 25 கொருனாவுக்கு மேல் கிடைக்கும். எனக்கு வந்தது மொத்தம் 1,790. அறைக்குப் போய்ப் பையை வைக்கும் அவசரத்தில் எண்ணிப் பார்த்தேனே தவிர வகுத்துப் பார்க்கவில்லை.

யூத அருங்காட்சியகத்தின் கதவு பூட்டியிருந்ததால்தான் அந்தப் பணம் திரும்பக் கிடைத்தது என்று சொல்லலாம். திறந்திருந்தால் நாலு மணி வரை உள்ளே இருந்திருப்போம். பூட்டியிருந்ததால் சாப்பிடப் போனோம். எனக்கு ஸ்வீச்கோவா: மாட்டிறைச்சி, அதன் மேல் காய்கறியை அரைத்து க்ரீம் சேர்த்த குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி சிவப்புப் பழ ஜாம், கூடவே க்நெட்லிகி. இந்த க்நெட்லிகியை எல்லோரும் ரொட்டி உருண்டை என்பார்கள். பார்த்தால் பெரிய இட்லியை நூல் வைத்து அறுத்துத் துண்டு போட்டாற்போல இருக்கும், குழம்பை அதே மாதிரி உறிஞ்சவும் செய்யும். மனைவி சைவம். செக் உணவகத்தில் சைவக்காரர்களுக்கு எப்போதும் கைகொடுப்பது ஸ்மஜேனி ஸீர், அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி. இரண்டரை நாளில் மூன்று முறை அதைச் சாப்பிட்டாள். மூன்றாவது முறை தட்டைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

பில் வந்தது. அவள் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "நூறு யூரோவுக்கு எவ்வளவு குடுத்தான்?" என்றாள். சொன்னேன். ரசீதைக் கேட்டாள். நான் கசக்கிச் சட்டைப்பையில் திணித்திருந்தேன். விரித்து, கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். செக் சட்டப்படி, மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய்ப் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம். 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. ஆயிரம் யூரோ மதிப்பு வரைக்கும் பொருந்தும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, ரசீது இருந்தால் போதும். ஊருக்கு வரும் பயணிகள் இப்படி ஏமாறுவது பெரிய கெட்ட பெயராகிப் போனதால் வந்த விதி.

இரண்டு இருபது வரை கெடு. ஒன்று ஐம்பதுக்குக் கவுன்டரில் நின்றோம். உள்ளே இருந்தவர் ரசீதை வாங்கினார், எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நூறு யூரோத் தாளை வெளியே தள்ளினார். வாக்குவாதம் செய்யத் தயாராக வந்த எனக்கு ஏமாற்றம்தான். மிச்சமானது சுமார் 740 கொருனா, நம் கணக்கில் 2,600 ரூபாய் போல. அப்புறம் ஒரு வங்கியின் ஏடிஎம்மில் அட்டையைப் போட்டு எடுத்தோம். அங்கேயும் ஒரு குழி உண்டு: 'உங்கள் கணக்கில் யூரோவாகவே கழிக்கட்டுமா?' என்று திரை பரிவோடு கேட்கும். வேண்டாம் என்று அழுத்த வேண்டும். வேண்டும் என்றால் அந்த இயந்திரம் தனக்குப் பிடித்த விகிதத்தைப் போட்டுக்கொள்ளும்.

தெருவில் நின்றபடி நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்று வருபவர்களிடம் மட்டும் வாயே கொடுக்கக் கூடாது. அவர்கள் கையில் திணிப்பது கொருனாவே அல்லாத, செல்லாத வேற்று நாட்டுத் தாளாக இருக்கும். அதற்கு மூன்று மணி நேரமும் கிடையாது, முப்பது விநாடியும் கிடையாது.

பின்னால் ஓடும் முள்

கதவு பூட்டியிருந்தாலும் யோசெஃபோவை விட்டு உடனே கிளம்பவில்லை. 'பழைய-புதிய ஜெபக்கூடம்' என்ற பெயருள்ள யூத ஆலயத்துக்குப் பக்கத்தில் யூதர்களின் நகர மண்டபம் இருக்கிறது. இளஞ்சிவப்புக் கட்டடம், உச்சியில் சின்ன கோபுரம். கோபுரத்தில் வழக்கமான கடிகாரம், அதற்குக் கீழே கூரை முகப்பில் இன்னொன்று. கீழே இருப்பதில் எண்களுக்குப் பதில் எபிரேய எழுத்துகள். எபிரேயம் வலமிருந்து இடம் எழுதும் மொழி என்பதால் முள்ளும் அப்படியே, நாம் பார்க்கும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. கண்ணாடியில் மணி பார்ப்பதுபோல் தலை குழம்பும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றன. பன்னிரண்டே முக்கால்.

யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்கும். வெள்ளி மாலையே ஓய்வுநாள் பிறந்துவிடுகிறது, சனி இருட்டியதும் முடிகிறது. மூன்று மணிக்கு அடுத்த இடத்துக்குப் போனபோது இந்த விஷயம் மறுபடி வந்தது.

அந்த இடம் பழைய நகர மண்டபத்தின் வானியல் கடிகாரம், செக்காரர்கள் 'ஓர்லோய்' என்பது. 1410இல் கடான் ஊர் மிகுலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்தது. கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யான் ஷின்டெல் என்ற பேராசிரியர் என்பது ஆய்வாளர்கள் கருத்து. வெகுகாலம் ஹனுஷ் என்ற இன்னொருவர் பெயரில்தான் கதை ஓடியது: இப்படி ஒன்றை வேறு ஊருக்குச் செய்து கொடுத்துவிடக் கூடாதென்று நகரப் பெரியவர்கள் அவர் கண்ணைக் குருடாக்கினார்களாம். கதைதான், உலகத்தில் அழகான கட்டடம் எங்கே இருந்தாலும் அதைக் கட்டியவனின் கையையோ கண்ணையோ யாராவது எடுத்துவிடுகிறார்கள்.

கீழே ஐந்நூறு பேருக்குக் குறையாமல் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்க எலும்புக்கூடு கயிற்றை இழுக்கிறது, இரண்டு ஜன்னல் திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாக எட்டிப் பார்க்கிறார்கள், கடைசியில் சேவல் கூவுகிறது. ஒரு நிமிஷம்கூட இல்லை. 'இதுக்கா?' என்ற முகத்தோடு கூட்டம் கலைகிறது. எனக்கு அந்தப் பொம்மைகள் பெரிதாகப் படவில்லை. ஆறு நூற்றாண்டுப் பழமையும் அவற்றுக்கு இல்லை. 1945 மே 8 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில், ஜெர்மன் படை சுட்டதில் மண்டபமே பற்றி எரிந்து மரத்தாலான அப்போஸ்தலர்கள் சாம்பலானார்கள். இப்போது வருபவர்கள் வொய்த்யேக் ஸுகார்தா என்ற சிற்பி போர் முடிந்தபின் செதுக்கியவர்கள். மண்டபத்தின் ஒரு பக்கச் சிறகு அன்று எரிந்து போனது. அந்த இடம் இன்னமும் வெறும் புல்தரை.

கூட்டம் போன பிறகு நிதானமாகப் பார்க்க வேண்டியது முகப்பைத்தான். உள்ளே ரோமன் எண்களில் நம் வழக்கமான நேரம். வெளி வளையத்தில் கறுப்புப் பின்னணியில் பொன்னிறப் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை. அது பழைய செக் நேரம். சூரியன் மறையும் கணம் 24. அங்கிருந்து மறுபடி ஒன்று, இரண்டு. மறையும் நேரம் தினமும் நகர்வதால் அந்த வளையமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். இதுதவிர, பகல் குறுகினால் தானும் குறுகும் பன்னிரண்டு பகல் மணிகள், சூரியன், சந்திரன் எந்த ராசியில் என்பதும் அதே முகப்பில். நம் ஊரில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள். அறுபது நாழிகை ஒரு நாள். உதயாதி நாழிகை போட்டு ஜாதகம் எழுதியதைத் தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியில் பார்த்தவர்களுக்கு ஓர்லோய் அவ்வளவு அந்நியமாக இருக்காது. அவர்கள் மறைவிலிருந்து எண்ணினார்கள், நாம் உதயத்திலிருந்து. எப்படிப் பார்த்தாலும், ஒரே கடிகாரத்தில் மூன்று விதமான நேரத்தைப் பதித்து நடுச் சதுக்கத்தில் தொங்கவிட்ட ஊருக்கு, ஒரே விதமான நேரத்தை மட்டும் எழுதிய அட்டவணையோடு நான் போயிருந்தேன்.

மாலை பாரிஸ்கா தெரு வழியாக ஆற்றைக் கடந்து, லெட்னா மேட்டின் படிகளில் ஏறினோம். மேலே 1991இல் நட்ட ராட்சத மெட்ரோனோம் (இசைக்குத் தாளம் காட்டும் கருவி), சிவப்பு முள்ளோடு இருபது மீட்டருக்கு மேல் உயரம். அது நிற்கும் பீடத்தில் 1955இல் ஸ்டாலினுக்குச் சிலை வைத்தார்கள், பின்னால் தொழிலாளரும் வீரர்களும் வரிசையாக நிற்க. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'இறைச்சிக் கடை வரிசை'. ஏழே ஆண்டில், 1962இல், வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்தது. கீழே வல்டாவா ஆற்றின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாற்போல் தெரிந்தன.

ஆறு நாற்பதுக்கு ஏன் இருட்டு

மாமனாருடைய எச்எம்டி கைக்கடிகாரம் ஒன்று மனைவியிடம் இருக்கிறது. சாவி கொடுக்கும் வகை. எங்கே போனாலும் அதுதான் கையில். ஞாயிறு காலை அதைப் பார்த்துத்தான் என்னை எழுப்பினாள். என் அட்டவணைப்படி சூரிய உதயம் 6.40. நேரத்தோடு கிளம்பிப் பாலத்தின் நடுவில் போய் நின்றபோது எச்எம்டியில் சரியாக 6.40.

கும்மிருட்டு. கிழக்கே ஒரு வெளிறல்கூட இல்லை. வாயு விளக்குகள் மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. மேகமாக இருக்கும் என்றேன். தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறதே என்றாள்.

ஐந்து நிமிஷம் கழித்துப் படம் எடுக்கச் செல்போனை வெளியே எடுத்தேன். 5.46. அக்டோபரின் கடைசி ஞாயிறு. மத்திய ஐரோப்பா முழுக்க அதிகாலை மூன்று மணியை இரண்டாக்கித் திருப்பி வைக்கும் இரவு. உதய நேரத்தை நான் எடுத்த இணையதளம் அதைக் கணக்கில் வைத்து எழுதியிருந்தது. செல்போன் தானாக மாறிக்கொண்டது. மாமனாரின் கடிகாரத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஜெர்மனியில் நாலு வருஷம் இருந்துவிட்டு இதை மறந்ததற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

இரண்டாவது சறுக்கல் என்று இதை எண்ணுகிறேன். ஆனால் முழுப் பயணத்திலும் ஆகச் சிறந்த ஒரு மணி நேரம் இதுதான். பகலில் அந்தப் பாலத்தில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அப்போதோ அரைக் கிலோமீட்டர் நீளப் பாலத்தில் எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பேர். இரவு முழுக்கக் குடித்துவிட்டுத் திரும்பும் இரண்டு பையன்கள். கல்யாண உடையில் நடுங்கிக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கும் ஒரு ஜோடி. கீழே தடுப்பணையில் தண்ணீர் விழும் சத்தம் பகலில் கேட்டதே இல்லை.

நான்காம் சார்லஸ் இந்தப் பாலத்துக்கு அடிக்கல் வைத்த நேரம் என்று ஒன்றைச் சொல்கிறார்கள்: 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், 5 மணி 31 நிமிஷம். வரிசையாக எழுதினால் 135797531. ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள், எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றே. மன்னருக்கு ஜோதிட நம்பிக்கை அதிகம். முகூர்த்தம் பார்த்துத்தான் கல் வைத்தார் என்பது கதை. முகூர்த்தம் பலித்ததா என்றால், 1890 வெள்ளத்தில் மூன்று வளைவுகள் போயின. மற்றபடி நிற்கிறது. "கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா 5.31க்கே நின்னிருக்கலாம்" என்றாள் மனைவி. நேரம் தவறி வந்ததிலும் ஒரு குறை கண்டுபிடித்த திருப்தி அவள் குரலில் இருந்தது.

முப்பது சிலைகள். பெரும்பாலானவை நகல், மூலங்கள் மழைக்கும் புகைக்கும் தப்பி உள்ளே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகப் பழையது 1683இல் வைத்த நெபொமுக் ஊர் யான். 1393இல் நான்காம் வென்செஸ்லாஸ் மன்னரின் ஆணையால் ஆற்றில் எறியப்பட்ட பாதிரியார். பீடத்தில் உள்ள வெண்கலத் தகட்டில் அவரை எறியும் காட்சி மட்டும் லட்சக்கணக்கான விரல் பட்டுப் பொன்னாக மின்னுகிறது. பக்கத்துத் தகட்டில் ஒரு நாயும் அப்படியே. நாயை ஏன் தடவுகிறார்கள் என்று கேட்டால், முன்னால் போனவர் தடவினார் என்பதுதான் பதிலாக இருக்கும்.

நான் அதிக நேரம் நின்றது சிலுவைக்கு முன்னால். இயேசுவைச் சுற்றிப் பொன்னெழுத்தில் எபிரேயம்: 'சேனைகளின் கர்த்தர் பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்'. 1696இல் ஒரு யூதர் சிலுவையை அவமதித்தார் என்று குற்றம்சாட்டி, அவர் கட்டிய அபராதப் பணத்தில் இந்த எழுத்துகளைப் பதித்தார்கள். தம் மக்களின் ஜெப வார்த்தையைத் தம் காசிலேயே இன்னொருவர் சாமியின் தலைக்கு மேல் பதிக்க வைப்பது எவ்வளவு யோசித்துச் செய்த அவமதிப்பு. 2000ஆம் ஆண்டில்தான் இந்தக் கதையை விளக்கும் தகடு ஒன்றைக் கீழே வைத்தார்கள். முந்தின நாள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருக்காவிட்டால் இந்த எழுத்தை அலங்காரம் என்று கடந்து போயிருப்பேன்.

பெயர்கள்

ஒன்பது மணிக்கு யோசெஃபோவ் திறந்தபோது முதல் பத்துப் பேரில் நாங்கள். அட்டவணைப்படி அந்த நேரம் கோட்டையில் இருக்க வேண்டும். ஆனால் ஞாயிறு காலை பேராலயத்தில் பூசை; பார்வையாளர்களுக்குப் பன்னிரண்டுக்குப் பிறகுதான் அனுமதி. இதையும் சனி இரவுதான் கண்டுபிடித்தேன். மூன்றாவது சறுக்கல். சனி யூதருக்கு, ஞாயிறு கிறிஸ்தவருக்கு. வார இறுதிப் பயணிக்கு இந்த ஊரில் இரண்டு முக்கிய இடமும் மாறி மாறிப் பூட்டும். இடத்தை மாற்றிப் போட்டால் இரண்டும் திறக்கும், அதுதான் வேடிக்கை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று போகிறவர்கள் வெள்ளியன்றே யோசெஃபோவை முடித்து, சனிக்குக் கோட்டையை வைத்துக்கொண்டால் எந்தத் தொல்லையும் இல்லை. யூதப் பண்டிகை நாட்களையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும், அன்றும் மூடியிருக்கும்.

பிங்காஸ் ஜெபக்கூடத்துக்குள் பார்க்க வேண்டிய பொருள் என்று எதுவும் இல்லை. சுவர்தான். நாஜிகள் கொன்ற பொஹீமியா, மொராவியா யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் தரையிலிருந்து கைக்கெட்டாத உயரம் வரை, கையால் எழுதப்பட்டிருக்கின்றன. முதலில் ஊர், பிறகு குடும்பப் பெயர் அகரவரிசையில். ஊர்ப் பெயர் பொன்னிறம், குடும்பப் பெயர் சிவப்பு, மற்றவை கறுப்பு. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதி, அதன் பிறகு கடைசியாகத் தெரிந்த தேதி. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் மணல் பூசிய சுவர். நெருங்கினால்தான் எழுத்து. 1950களில் இரண்டு ஓவியர்கள் எழுதி முடித்தார்கள். 1968இல் கட்டடம் மூடப்பட்டு, ஈரத்தில் எழுத்துகள் அழிந்து, ஆட்சி மாறிய பிறகு 1990களில் முழுவதையும் திரும்ப எழுதினார்கள். என் கண்மட்டத்தில் இருந்த ஒரு குடும்பத்தில் ஆறு பெயர்கள். ஐந்துக்குக் கடைசித் தேதி ஒன்றே.

மாடியில் டெரேசின் முகாமிலிருந்த குழந்தைகளின் ஓவியங்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிரான்டைஸ் என்ற ஓவியர் முகாமுக்குள் அவர்களுக்கு ரகசியமாகப் பாடம் நடத்தினார். 1944இல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்படுவதற்கு முன் சுமார் 4,500 படங்களைப் பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார். வீடு, பூ, ரயில் என்று எந்தக் குழந்தையும் வரைகிற படங்கள்தான். மனைவி ஒரு படத்துக்கு முன்னால் நின்று, அதன் பின் மற்றவற்றைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

வெளியே பழைய கல்லறைத் தோட்டம். 1439 முதல் 1787 வரை வேறு இடம் தரப்படாததால் மண் கொட்டி, மேலே புதைத்து, மறுபடி மண் கொட்டி, சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. மேலே தெரியும் சுமார் 12,000 கற்கள், பழைய கற்கள் ஒவ்வொரு தடவையும் மேலே ஏற்றப்பட்டதால், கூட்ட நெரிசலில் ஆட்கள்போல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. களிமண்ணில் கோலெம் என்ற உயிருள்ள பொம்மையைச் செய்ததாகக் கதையில் வரும் ரபி லோவின் கல்லறையில் கூழாங்கற்களும் மடித்த துண்டுச் சீட்டுகளும்.

டிக்கெட் சர்ச்சையும் கோட்டையும்

சனியன்று 12.10க்கு மெட்ரோவில் முத்திரை குத்திய 24 மணி நேர டிக்கெட் எங்களிடம் இருந்தது, 120 கொருனா. ஞாயிறு 11.40க்கு 22ஆம் எண் டிராமுக்காக நிற்கும்போது ஒரு கேள்வி வந்தது. கடிகாரப்படி இன்னும் அரைமணி பாக்கி. ஆனால் நடுவில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடியிருக்கிறதே. உண்மையான 24 மணி 11.10க்கே முடிந்துவிட்டதா? கடிகாரம்தான் கணக்கு என்றேன் நான். முத்திரையில் இருப்பது மணி, ஆனால் நாம் காசு கொடுத்தது கால அளவுக்கு என்றாள் அவள். டிக்கெட் பரிசோதகரிடம் இந்தத் தத்துவத்தை விவாதிக்கும் ஆசை இருவருக்கும் இல்லை. ஆளுக்கு 30 கொருனா கொடுத்து அரைமணி டிக்கெட் எடுத்தோம்.

கோட்டையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகவே போகிறேன். பன்னிரண்டுக்குத் திறக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. வரிசை முற்றத்தைச் சுற்றி வளைந்திருந்தது. புனித வீட்டஸ் பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல் முடித்தார்கள், கிட்டத்தட்ட அறுநூறு ஆண்டு. பழைய அரண்மனையில் ஒரு ஜன்னல்: 1618 மே 23 அன்று பேரரசரின் இரண்டு ஆளுநர்களையும் ஒரு செயலரையும் அதன் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். ஆனால் அதிலிருந்து மூண்டது முப்பதாண்டுப் போர். 1620இல் வெள்ளை மலைப் போரில் கிளர்ச்சிக்காரர்கள் தோற்ற பிறகு, 1621 ஜூன் 21 அன்று கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேர் பழைய நகரச் சதுக்கத்தில் கொல்லப்பட்டார்கள். ஓர்லோய்க்கு அந்தப் பக்கம் தரையில் 27 வெள்ளைச் சிலுவை பதித்திருக்கிறது. சனியன்று அதன்மேல் நின்றுகொண்டுதான் சேவல் கூவக் காத்திருந்தோம் என்பது அன்றிரவு படத்தைப் பெரிதாக்கியபோது தெரிந்தது.

கோட்டையிலிருந்து இறங்கும்போது நாலே முக்கால்; சூரியன் போய்விட்டது. முந்தின நாள் இதே அஸ்தமனத்துக்கு ஐந்தே முக்கால் வரை காத்திருந்தோம். காலையில் கிடைத்த ஒரு மணி நேரத்தை மாலையில் வட்டியில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

திங்கள்

காலை வெளியே வந்ததும் டிராம்களின் நெற்றியில் சின்னச் சின்னக் கொடிகள். அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்தேன். எதற்குக் கொடி என்று யோசிக்கவில்லை. சூப்பர்மார்க்கெட்டின் கண்ணாடிக் கதவு திறக்காதபோதுதான் புரிந்தது. அக்டோபர் 28: 1918இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்த நாள், தேசிய விடுமுறை. வருஷத்தில் குறிப்பிட்ட சில விடுமுறைகளில் 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் திறக்கக் கூடாது என்று 2016இலிருந்து சட்டம். இந்த நாள் அந்தப் பட்டியலில் உண்டு. நான் விடுப்பு எடுத்த நாள் அவர்களுக்கும் விடுமுறை. ஊரில் அவ்வளவு கூட்டம் ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

சின்னக் கடைகள் திறந்திருந்தன. ஒப்லாட்கி கிடைத்தது, பயணிகளுக்கான விலையில், கோட்டைப் படம் போட்ட டப்பாவில். டப்பாவுக்குத்தான் காசு.

நாலு சறுக்கலையும் சேர்த்துப் பார்த்தால், எதுவும் ரகசியத் தகவல் கிடையாது. அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் 'சனி தவிர' என்பது நேரத்துக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது. பேராலயத்தின் ஞாயிறு நேரமும் அப்படியே. நான் இடம் இடமாகத் தேடி ஒவ்வொன்றுக்கும் மணியை மட்டும் எடுத்து ஒட்டினேன். 26, 27, 28 என்ற மூன்று தேதிகளை முதலில் எழுதி, அந்த ஊரில் அந்த நாட்களில் என்ன என்று ஒரு தடவை தேடியிருந்தால் பத்து நிமிஷ வேலை. கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும் முன் பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கம் உள்ள குடும்பத்தில் பிறந்தவன் செய்திருக்க வேண்டிய காரியம். பணம் மாற்றிய விஷயம் மட்டும் தனி ரகம். அங்கே காப்பாற்றியது ரசீது, அதைப் படித்த மனைவி.

மதியம் இரண்டரை வாக்கில் ரயில் கிளம்பியது. ஆற்றை ஒட்டி வடக்கே போனது. மனைவி எச்எம்டியைக் கழற்றி, முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, செல்போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஜன்னலைக் காட்டினாள். பொஹுஷோவிட்ஸே என்ற சின்ன நிலையம். 1943இல் முகாமுக்குள்ளேயே தண்டவாளம் போடும் வரை, டெரேசினுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கேதான் இறக்கப்பட்டு மூட்டை முடிச்சுகளோடு சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்தார்கள். சனி காலை வரும்போதும் இதே வழியாகத்தான் வந்தோம். நான் அட்டவணையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ரயில் அங்கே நிற்பதில்லை. பெயர்ப்பலகையை முழுதாகப் படிப்பதற்குள் கடந்துவிட்டது.